திரைப் பூட்டு மட்டும் போதாது, சிம்மையும் பூட்டுங்கள்

கல்முனையில் தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். இங்கே வரும் போன்களில் விரல் அடையாளம், முக அடையாளம் எல்லாம் இருக்கும். சிம்முக்கு மட்டும் பூட்டு இருக்காது. முன்கதவுக்கு இரட்டைப் பூட்டுப் போட்டுவிட்டுக் குசினிக் கதவைத் திறந்துவைப்பது போன்றது இது. போனைத் திருடியவன் உங்கள் திரைப் பூட்டோடு மல்லுக்கட்டப் போவதில்லை. சிம்மைக் கழற்றித் தன் போனில் போடுவான். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்ணும் வட்ஸ்அப்பின் ஆறு இலக்கக் குறியீடும் அதன்பின் அவனுக்குத்தான் வரும்.

ஆகவே முதல் வேலை இதுதான். அமைப்புகளில் 'சிம் பூட்டு' என்று தேடுங்கள். ஐபோனில் மொபைல் தரவுப் பகுதிக்குள் 'சிம் பின்' (சிம்மைத் திறக்கும் இரகசிய எண்) என்று இருக்கும். அதை இயக்கும்போது பழைய பின் எண்ணைக் கேட்கும். அது உங்கள் நிறுவனம் சிம்மோடு தந்த எண், ஊகித்துப் போடாதீர்கள். மூன்று முறை பிழையாகப் போட்டால் சிம் முடங்கி, 'பக்' எனப்படும் எட்டு இலக்க எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை பிழையாகப் போட்டால் அந்த சிம் குப்பைக்குத்தான். வாடிக்கையாளர் சேவையிடம் கேட்டுச் சரியான எண்ணைப் போட்டு, உடனே உங்களுக்கென்று வேறொன்றாக மாற்றிவிடுங்கள். பூட்டிய திரையில் குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடியும் மறைத்துவையுங்கள்.

வட்ஸ்அப்பில் கணக்கு என்ற பகுதிக்குள் இரண்டு படிச் சரிபார்ப்பு இருக்கிறது. அதற்கும் ஆறு இலக்க எண் ஒன்றை வையுங்கள். மகன் கட்டாரிலிருந்து அவசரமாகப் பணம் கேட்கிறான் என்று மருதமுனையிலிருந்து ஓர் உம்மா பதறி வந்தார். கேட்டது மகன் இல்லை, மகனின் கணக்கைப் பிடித்தவன். அந்த எண் இருந்திருந்தால், குறியீடு கைமாறியிருந்தாலும் கணக்கு போயிருக்காது. இப்படிச் செய்தி வந்தால் வட்ஸ்அப்பில் பதில் எழுதாமல் சாதாரண அழைப்பில் குரலைக் கேளுங்கள்.

கல்யாண அழைப்பிதழ் என்று வரும் கோப்பின் பெயர் ஏ.பி.கே. (.apk) என்று முடிந்தால் அது அழைப்பிதழே இல்லை, செயலி. நிறுவியதும் 'அணுகல்தன்மை' அனுமதி கேட்கும். அதைக் கொடுத்தால் திரையில் உள்ளதை வாசிக்கும், உங்களுக்காகத் தானே அழுத்தும். ஏற்கெனவே நிறுவிவிட்டீர்களா? முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். அணைக்கும் பொத்தானை அழுத்தி, திரையில் வரும் 'அணை' என்பதை நீண்ட நேரம் அழுத்தினால் பெரும்பாலான அன்ட்ரொய்ட் போன்களில், நீங்கள் நிறுவிய செயலிகள் இயங்காத 'பாதுகாப்பான முறை' வரும். அதில் அந்தச் செயலியை அகற்றுங்கள். வங்கிக் கடவுச்சொல்லை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள்.

எங்களைப் போன்ற கடைக்காரர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பற்றரியோ திரையோ மாற்ற உங்கள் பூட்டு எண் தேவையில்லை. கேட்டால், "வேலை முடிந்ததும் நானே திறந்து காட்டுகிறேன், தம்பி" என்று சொல்லுங்கள். புதிய சாம்சுங் போன்களில் பராமரிப்பு முறை இருக்கிறது. அதை இயக்கிக் கொடுத்தால் படங்களும் செய்திகளும் எங்கள் கண்ணில் படாது.

*#06# என்று அழுத்தினால் வரும் பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை (உங்கள் போனின் அடையாள எண்) வீட்டுக் கொப்பியில் எழுதிவையுங்கள். போன் தொலைந்தால் முதலில் சிம்மை முடக்கச் சொல்லுங்கள், பிறகு வங்கி, பிறகு அந்த எண்ணோடு பொலிஸ் முறைப்பாடு. வரிசை மாறினால் இடைவெளியில் பணம் போய்விடும்.

வெளிநாட்டிலிருந்து வரும் பழைய போன்களை வாங்குகிறவர்கள் நிறத்தையும் கமராவையும் பார்ப்பதற்கு முன், அமைப்புகளில் கடைசிப் பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதியைப் பாருங்கள். 2015இல் அன்ட்ரொய்டில் 'ஸ்டேஜ்ஃபிரைட்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. உங்கள் எண்ணைத் தெரிந்தவன் ஒரு படச்செய்தி அனுப்பினாலே போனுக்குள் நுழையக்கூடிய ஓட்டை அது. அதன் பிறகுதான் கூகுள் மாதாந்தப் புதுப்பிப்புகளைத் தொடங்கியது. அவை நின்று ஆண்டுக்கணக்கான போனில் பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கட்டும். வங்கிச் செயலியை வைக்காதீர்கள்.