ஞாபகார்த்தப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கும் முன்

உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு ஓடாதீர்கள். கிராம உத்தியோகத்தரின் சான்றிதழை முன்பே கேட்டு வையுங்கள். அதில் பிரதேச செயலகத்தின் மேலொப்பமும் வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்காரருக்கு அது திம்பிரிகஸ்யாய செயலகம். கொட்டாஞ்சேனைக்காரருக்குக் கொழும்புச் செயலகம். மாறிப் போனால் ஒரு நாள் வீண்.

1981இல் தொடங்கிய மகாபொல என்ற பல்கலைக்கழக மாணவர் புலமைப்பரிசில் எல்லோருக்கும் தெரியும். மறைந்த ஆசிரியர் நினைவாகவோ பெற்றோர் நினைவாகவோ குடும்பங்களும் பழைய மாணவர் சங்கங்களும் தரும் சிறிய உதவிகள்தாம் பலர் கண்ணில் படுவதில்லை. அதிபரிடம் நேரே கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

கடிதத்தில், யாருடைய நினைவாக வழங்குகிறார்களோ அவரைப் பற்றி அறிந்து இரண்டு வரி எழுதுங்கள். வாசிப்பவர் அவருடைய மகளாக இருக்கலாம். வெறும் புகழ்ச்சி வேண்டாம். அவர் கணிதம் கற்பித்தவர் என்றால், நீங்கள் கணிதத்தோடு மல்லுக்கட்டிய கதையைச் சொல்லுங்கள்.