பியானோவில் மனோதர்மமாக வாசித்ததைப் பகிரும்போது, கேட்டுப் பதில் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் மாதம் ஒரு ஞாயிறு ஐந்தாறு பேர் கூடுவோம். எல்லோரும் வேலைக்குப் போய்க்கொண்டே பியானோ கற்றவர்கள். தாளைப் பார்க்காமல், ஐரோப்பிய இசைமேதை மொசார்ட் காலத்து நடையில் மனதில் தோன்றியதை வாசித்துப் பதிவுசெய்து ஒருவருக்கொருவர் போட்டுக் காட்டுவோம். வாசிப்பில் வரும் பிழை யாரையும் முடக்கிப் போட்டதில்லை. அதைக் கேட்டுவிட்டுச் சொல்லும் வார்த்தை முடக்கியிருக்கிறது.

போன மழைக்காலத்தில் ஒரு தோழி கொண்டுவந்த பதிவு ஏ மைனரில், அதாவது ஏ ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்ட மேற்கத்திய ஸ்வர வரிசையில், இருந்தது. இடது கை நிதானமாகக் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, பிரித்து வாசிக்கிறது. மெட்டு இரண்டாம் முறை இறங்கும்போது, பி-யில் விழ வேண்டிய விரல் பக்கத்துக் கறுப்புக் கட்டையில், பி ஃபிளாட்டில் விழுந்தது. சட்டென்று மௌனம். "ஸாரி" என்று அவர் குரல். மறுபடி முதலிலிருந்து. "ஏ-யை ஷட்ஜமா வெச்சா அது சுத்த ரிஷபம். தோடி வந்துடுத்தே!" என்றேன் நான், கர்நாடக ராகக் கணக்கில். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த இரண்டு மாதம் அவர் எதையும் கொண்டுவரவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

அவர் நிறுத்தியிருக்க வேண்டாம். ஏ மைனரில் பி ஃபிளாட்டுக்கு நல்ல இடம் உண்டு. கீழே டி, மேலே எஃப், பி ஃபிளாட் என்று பிடித்து, ஈ மேஜர் கார்டுக்கு நகர்ந்து, ஏ மைனரில் வந்து உட்கார்ந்தால் அதற்கு நியாபோலிட்டன் சிக்ஸ்த் என்று பெயர். பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டாவில் மூன்றாவது பாரிலேயே (தாள அளவின் ஒரு கட்டம்) அது வந்துவிடும். தவறி விழுந்த ஸ்வரத்தை அடுத்த சுற்றில் வேண்டுமென்றே தொட்டால் போதும், கேட்பவர் காதில் அது யோசனையாகிவிடும்.

என் தவறு பெரிது. கச்சேரி கேட்டு வளர்ந்த காது ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஷட்ஜத்தோடு சேர்த்தே கேட்கும். நாங்கள் வாசிக்கும் மேற்கத்திய சங்கீதத்தில் அடியில் இருக்கும் கார்டுதான் ஸ்வரத்துக்கு வேலை கொடுக்கிறது. "எந்த ராகம்?" என்பதை விட்டு "இங்கேருந்து எங்கே போக நினைச்சே?" என்று கேட்டிருக்க வேண்டும்.

'சூப்பர்' என்பதும் உதவாது. "ஒன்றே முக்கால் நிமிஷத்தில் இடது கை மேலே ஏறினது பிடிச்சது, ஆனா மெட்டு அதுக்கப்புறம் திரும்பி வரலையே" என்றால் வாசித்தவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ இருக்கிறது. "பாக் மாதிரி இல்லையே" என்ற ஒப்பீடு இன்னும் மோசம். 1747-ல் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் பிரஷ்ய அரசர் பிரெடரிக் தந்த மெட்டுக் கருவில் இசையமைப்பாளர் பாக் மூன்று குரல் ஃப்யூகை (ஒரே கருவைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவம்) அங்கேயே வாசித்தார். அதே கருவில் ஆறு குரல் ஃப்யூகை அவரும் ஊர் திரும்பித் தாளில்தான் எழுதி முடித்தார்.

பதிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். போனைப் பியானோ மேலேயே வைக்காதீர்கள், கட்டைகளின் தட்டல்தான் கேட்கும். ஓரிரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள், ஃபேனை அணையுங்கள். டிஜிட்டல் பியானோவாக இருந்தால் ஒயர் போட்டு நேரடியாகப் பதிவுசெய்யலாம். போனின் ரெக்கார்டர் பல சமயம் மெல்லியதைத் தூக்கி, உரத்ததை அமுக்கி எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் பேச்சுக்காகச் சுருக்கப்படுவது, அதில் பெடலை அழுத்தி நீட்டிய ஒலி நசுங்கிப்போகும். ஃபைலாக அனுப்புங்கள். நம் ஊர் மழையில் பியானோவின் மரம் ஈரம் குடித்து சுருதி நகர்ந்திருந்தால் அதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பழி வாசித்தவர் தலையில் விழும்.

பதினைந்து நிமிஷத்தை அப்படியே அனுப்பாமல் நன்றாக வந்த மூன்று நிமிஷத்தை எடுங்கள். ஆனால் நாலு இடத்தில் வெட்டி ஒட்டிவிட்டு ஒரே மூச்சில் வந்தது என்று சொல்லாதீர்கள். அதை நம்பிக் கேட்பவர் தன் வாசிப்பைத்தான் தாழ்வாக நினைப்பார்.

இப்போது எங்கள் வீட்டில் பதிவைப் போடுமுன் கொண்டுவந்தவரிடம் ஒன்று கேட்கிறோம்: "எந்த இடத்தைக் கவனிக்கணும்?" முதல் தடவை யாரும் பேசுவதில்லை. இரண்டாம் தடவை கேட்கும்போதுதான் பென்சில் எடுக்கிறோம்.