டைனா வாஷிங்டனைக் கேட்கத் தொடங்குவது எப்படி?

ப்ளூஸ், ஜாஸ், பாப், சோல் என்று எந்த இசை வகையைக் கொடுத்தாலும் பாடிவிடுவார் அமெரிக்கப் பாடகி டைனா வாஷிங்டன். அதனாலேயே புதிதாகக் கேட்பவர்களுக்கு எங்கே தொடங்குவது என்று குழப்பம் வரும். கிடைக்கும் தொகுப்பில் கலந்துகட்டிக் கேட்காமல் வருட வரிசையில் போங்கள். பின்னணி இசை மாறிக்கொண்டே இருக்கும்; ஒவ்வொரு சொல்லையும் அவர் நறுக்கென்று உச்சரிக்கும் விதம் மாறாது. அதைக் காது பிடித்துக்கொள்ள வேண்டும்.

படி 1: 'ஈவில் கேல் ப்ளூஸ்' (1943)

அலபாமாவில் 1924-ல் பிறந்து, சிகாகோவில் சர்ச் பாடல்களோடு வளர்ந்தவர். இயற்பெயர் ரூத் ஜோன்ஸ். ஜாஸ் கலைஞர் லயனல் ஹாம்ப்டனின் இசைக்குழுவில் சேர்ந்த புதிதில் பதிவான பாட்டு இது. அப்போது வயது 19. குரலில் அந்த வயதே தெரியாது.

படி 2: 'டைனா ஜாம்ஸ்' (1954)

அவசரப்படாமல் கேட்க வேண்டிய ஆல்பம். ஸ்டூடியோவுக்குள்ளேயே ரசிகர்களை உட்காரவைத்துப் பதிவு செய்தார்கள். டிரம்பெட்டில் கிளிஃபோர்ட் பிரவுன், கிளார்க் டெரி, மேனார்ட் ஃபெர்குசன். டிரம்ஸில் மேக்ஸ் ரோச். முதல் தடவை பாட்டை மட்டும் கேளுங்கள். அப்புறம் திரும்பப் போட்டு, டிரம்பெட் தனி ஆவர்த்தனம் முடிந்ததும் அவர் எப்படி உள்ளே நுழைகிறார் என்று கவனியுங்கள். இத்தனை ஜாம்பவான்களுக்கு நடுவே குரலை உயர்த்த வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.

படி 3: அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழா (1958)

இதைப் பார்க்கவும் வேண்டும். 'ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே' ஆவணப்படத்தில் 'ஆல் ஆஃப் மீ' பாடிக்கொண்டிருந்தவர், நடுவில் குச்சிகளை எடுத்து டெரி கிப்ஸோடு சேர்ந்து வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) வாசிக்கிறார். என்ன ஒரு குஷி!

படி 4: 'வாட் எ டிஃபரன்ஸ் எ டே மேட்' (1959)

வயலின்கள் சூழ்ந்த பாப் பாட்டு. கிராமி விருது வாங்கியது. ஜாஸை விட்டுவிட்டார் என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வயலின்களை மனதால் ஒதுக்கிவிட்டுக் கேட்டால் உள்ளே இருப்பது அதே ப்ளூஸ் பாடகிதான்.

படி 5: பாடகர் புரூக் பென்டனோடு 'பேபி (யூ'வ் காட் வாட் இட் டேக்ஸ்)' (1960)

பென்டன் தவறான இடத்தில் நுழைந்துவிட, பாட்டுக்கு நடுவிலேயே டைனா அவரைக் கிண்டலாகக் கண்டிக்கிறார். அதை வெட்டாமல் அப்படியே வெளியிட்டார்கள்.

1963 டிசம்பரில், 39 வயதில் டைனா இறந்துபோனார். அடுத்த ஆண்டே பாடகி அரெத்தா ஃபிராங்க்ளின் அவருக்கு அஞ்சலியாக 'அன்ஃபர்கெட்டபிள்' ஆல்பத்தை வெளியிட்டார். படி 4-ல் சொன்ன பாட்டு அதிலும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள்.