ஐஸ் கடைசியில்தான்: சோம்பு மணக்கும் மதுவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சின் பாஸ்டிஸ், கிரேக்கத்தின் ஊஸோ, துருக்கியின் ராக்கி, லெபனானின் அரக். ஊர் எதுவானாலும் நான்கிலும் சோம்பு மணம்தான் முன்னால் வந்து நிற்கும். பசியைத் தூண்டவும் உணவோடு சேர்த்துச் சுவைக்கவும் உருவான மதுவகைகள் இவை. ஒரே வாய் குடித்துவிட்டு, “இருமல் மருந்து மாதிரி இருக்கிறது” என்று ஒதுக்கியவர்கள் பலர். அவர்கள் குடித்தது பெரும்பாலும் தவறாகக் கலந்த கோப்பையாகத்தான் இருக்கும்.

பாஸ்டிஸைத் தண்ணீர் சேர்க்காமல் மடக்கென்று விழுங்குவது பெரிய அநியாயம். அதில் குறைந்தது 40 சதவீதம் ஆல்கஹால். ‘மார்செய் பாஸ்டிஸ்’ என்ற பெயருக்கு 45 சதவீதம் வேண்டும். அந்தக் காரத்தில் நாக்கு மரத்துவிடும், நுணுக்கமான சுவை எதுவும் பிடிபடாது. பாஸ்டிஸ் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஐந்து பங்கு. அரக்குக்கு இரண்டு பங்கு. ராக்கிக்குச் சரிபாதியில் தொடங்கி, உங்கள் நாக்கு கேட்கும் அளவுக்குக் கூட்டிக்கொள்ளலாம்.

தண்ணீரை மெல்லிய தாரையாக ஊற்றிப் பாருங்கள். தெளிந்த மதுவுக்குள் முதலில் புகைபோல ஒரு சுருள் எழும். அடுத்த சில நொடிகளில் கோப்பை முழுவதும் பால்போல் வெளுத்துவிடும். சோம்பு மணத்துக்குக் காரணமான அனெத்தோல் ஆல்கஹாலில் நன்றாகக் கரையும், தண்ணீரோடு சேராது. தண்ணீர் ஏற ஏற அது நுண்துளிகளாகப் பிரிகிறது. அவற்றில் பட்டு ஒளி சிதறுவதால்தான் இந்த வெண்மை. துருக்கியர் ராக்கியைச் ‘சிங்கப்பால்’ என்று அழைப்பார்கள். கலங்கியதும் கெட்டுப்போய்விட்டதோ என்று கொட்டிவிடாதீர்கள். மணம் விரிவது அப்போதுதான். முகர்ந்து பார்க்க வேண்டிய நேரமும் அதுவே.

நான் அடிக்கடி பார்க்கும் தவறு, என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாத தவறு, ஐஸை முதலில் போடுவது. அனெத்தோல் 21 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உறையக்கூடிய பொருள். மதுவின் மேல் நேராக ஐஸ் விழுந்தால் அனெத்தோல் மெல்லிய செதில்களாகத் திரண்டு மேலே மிதக்கும். மணமும் அதோடு முடங்கிவிடும். முதலில் மது, பிறகு குளிர்ந்த தண்ணீர், கடைசியில் ஐஸ். இதே காரணத்தால் பாஸ்டிஸ் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. வைத்துவிட்டீர்கள், உள்ளே படிகங்கள் தெரிகின்றன என்றால், வெளியே எடுத்து அறையின் வெப்பத்தில் விடுங்கள், மீண்டும் கரைந்துவிடும். லெபனானில் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய கோப்பை வைப்பதும் இந்த அனெத்தோலால்தான்: பழைய கோப்பையின் உள்சுவரில் அது ஏடுபோல் படிந்திருக்கும்.

நான்கும் ஒன்றுதான் என்று நினைப்பதும் தவறு. பாஸ்டிஸில் அதிமதுரம் கட்டாயம். அடிநாக்கில் தங்கும் அந்த மண்வாசனை கலந்த இனிப்பு அதனுடையது. சோம்பு மணமுள்ள இன்னொரு மதுவான அப்சிந்தை 1915இல் பிரான்ஸ் தடை செய்தது. அந்த இடத்தைப் பிடித்தது பாஸ்டிஸ்: 1932இல் பால் ரிக்கார் என்ற மதுத் தயாரிப்பாளர் மார்செய் நகரில் தன் பாஸ்டிஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அரக் திராட்சையிலிருந்து வடிப்பது, அதிமதுரம் சேராதது. ஒரே மாலையில் எல்லாவற்றையும் வரிசையாகச் சுவைத்தால் மூன்றாவது கோப்பைக்குள் வித்தியாசமே தெரியாமல் போகும். சோம்பு நாக்கை விட்டு எளிதில் போகாது. ஒரு நாளுக்கு ஒன்று போதும்.

அப்சிந்தில் நனைத்த சர்க்கரைக்குத் தீ வைப்பது வெறும் வேடிக்கை. சர்க்கரை கருகும், மணம் கெடும், கைக்கும் ஆபத்து. துளையிட்ட கரண்டியில் சர்க்கரையை வைத்து, அதன்மேல் குளிர்ந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவதே பழைய முறை.

வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள். ராக்கிக்கு வெள்ளைப் பாலாடைக்கட்டியும் முலாம்பழமும், ஊஸோவுக்கு ஆலிவும் கணவாயும் மேசைக்கு வருவது வெறும் அலங்காரத்துக்கு அல்ல. உப்பும் கொழுப்பும் சோம்பின் இனிப்பைத் தாங்கிப் பிடிக்கின்றன. பால்போல் வழுக்கிக்கொண்டு இறங்குவதால் எவ்வளவு உள்ளே போனது என்பது தெரியாது. கண்ணளவில் ஊற்றாமல் 20 மில்லி என்று அளந்தே ஊற்றுங்கள்.