டிவியில் பாடிய பிள்ளை வீடு திரும்பும்போது: ஒரு அக்காவின் குறிப்புகள்

எங்கள் ஊர் சோழவந்தான். அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்காலில் வேலை. தம்பி ஆறாம் வகுப்பு படிக்கும்போது, 2018-ல், ஒரு டிவி பாட்டுப் போட்டிக்குத் தேர்வானான். நான் அப்போது மதுரையில் கல்லூரி இரண்டாம் வருடம். வீட்டில் இங்கிலீஷ் பேப்பரைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் ஒப்பந்தம், கச்சேரித் தேதி, வரவு செலவு எல்லாம் என் பொறுப்பாயிற்று. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் அப்படி ஒரு அழைப்பு வந்திருந்தால், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை நீங்கள் படாமலே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் கையெழுத்து. மேக்கப் அறைக்கு வெளியே, நின்றுகொண்டே, பென்சிலால் குறி போட்ட இடத்தில் எல்லாம் அப்பா கையெழுத்துப் போட்டார். போட்டி முடிந்து ஒரு வருடம் வரைக்கும் அனுமதியில்லாமல் வேறெங்கும் பாடக் கூடாது என்று அதில் இருந்தது, ஊர்க் கோயிலில் தம்பி பாடிய வீடியோவைப் பார்த்துவிட்டு டிவிக்காரர்கள் போன் செய்தபோதுதான் எங்களுக்கு அது தெரிந்தது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளை சட்டப்படி ஒப்பந்தம் போட முடியாது. போடுவது நீங்கள்தான். அதனால் "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு இரண்டு நாளில் தருகிறோம்" என்று சொல்லிவிடுங்கள். கட்டுப்பாடு எந்தத் தேதியில் முடிகிறது, வெளிக் கச்சேரிப் பணத்தில் யாருக்குப் பங்கு, கூட வருகிற ஆளுக்குத் தங்கும் செலவு யாருடையது, இந்த மூன்றையும் தேடிப்பிடித்து அடிக்கோடு போடுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மதுரை கோர்ட்டிலேயே இருக்கிறது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

படப்பிடிப்புக்கும் சட்டம் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் விதிகளை 2017-ல் திருத்தினார்கள். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் பிள்ளையை வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் ஒரே மூச்சில் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் எடுக்கக் கூடாது. தயாரிப்பவர்கள் கலெக்டரிடம் அனுமதி வாங்க வேண்டும். அதன் நகலைக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. பிள்ளையின் சம்பாத்தியத்தில் குறைந்தது 20 சதவீதத்தை தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அவன் பெயரில் டெபாசிட் போட வேண்டும் என்பதும் அதே விதிதான். ரசீது கையில் வரும்வரை விடாதீர்கள். இன்னொன்று, பிள்ளை தன் திறமையால் சம்பாதித்த பணம் அப்பாவின் வருமானத்தோடு சேராது, அவன் கணக்கில்தான் வரும். அவன் பெயரில் பான் கார்டு எடுத்து, பணம் தரும்போதே பிடித்த வரிக்கு (டிடிஎஸ்) ரிட்டர்ன் போட்டால், வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதபோது அந்தப் பணம் திரும்பி வரும். எங்களுக்கு இரண்டாவது வருடம்தான் இது புரிந்தது.

சரி, பள்ளிக்கூடம். தலைமையாசிரியருக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். ஊரில் பிளெக்ஸ் வைக்கிறவர்களிடம் பள்ளியின் பெயரையும் வீட்டு போன் நம்பரையும் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். எங்கள் நம்பர் ஒரு பிளெக்ஸில் போய், ராத்திரி ஒரு மணிக்கெல்லாம் போன் வந்தது.

இனி திருவிழாக் கச்சேரிகள். தம்பி முதல் பத்துப் பேருக்குள் வந்து வெளியேறினான். அந்தப் பங்குனியிலேயே வாடிப்பட்டி, அலங்காநல்லூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஆள் வந்துவிட்டார்கள். சிவப்பு அட்டை டைரி ஒன்று போட்டு, டிவிக்காரர்களின் அனுமதியோடு மாதத்துக்கு இரண்டு ஊர் மட்டும் என்று முதல் பக்கத்தில் எழுதிவைத்தேன். பேசும்போதே மூன்று விஷயம் சொல்லிவிடுவேன். அட்வான்ஸ் வந்தால்தான் தேதி. தம்பி பாட்டு கச்சேரியின் முதல் அரை மணி நேரத்தில் முடிந்துவிட வேண்டும். மேடையில் அவனைப் பார்த்து ஒரு மானிட்டர் பாக்ஸ், அதாவது அவன் குரல் அவனுக்கே கேட்கும் ஸ்பீக்கர், வைக்க வேண்டும். கடைசியில் சொன்னதைச் சின்ன விஷயமென்று விட்டுவிடாதீர்கள். தன் குரல் தனக்குக் கேட்காத பிள்ளை கத்தும். பாக்ஸ் இல்லாத மேடையில் பாடிவிட்டு வந்த மறுநாள் தம்பிக்குத் தண்ணீர் கேட்கக்கூட குரல் வராது. இரண்டு வாரம் தாண்டியும் தொண்டைக் கம்மல் போகவில்லை என்றால் கஷாயத்தோடு நிற்காமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விடுங்கள். மதுரை ராஜாஜி அரசு ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவு இருக்கிறது. குரல் நாணில் சின்னக் காய்ப்பு விழுந்திருந்தாலும், பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஓய்வும் பயிற்சியுமே போதும்.

ஆண் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள். குரல் உடையும். தம்பிக்குப் பதிமூன்று வயது முடிகிற நேரம், ஒரு மாரியம்மன் கோயில் பொங்கல். டிவியில் பாடின அதே பாட்டைத்தான் கமிட்டியில் கேட்டார்கள். ஐந்து கட்டையில், அதாவது நல்ல உயரமான சுருதியில், பாடிய பாட்டு, பின்னணி இசை ஓடும் கரோக்கி டிராக்கும் அதே சுருதி. பல்லவி ஒழுங்காகப் போயிற்று. சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பையன்கள் சிரித்தார்கள். தம்பி மைக்கை ஸ்டாண்டில் மெதுவாக மாட்டினான். டிராக் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. மேடை ஓரத்தில் டைரியோடு நின்ற என்னைப் பார்த்தான். அவன் காதுமடல் சிவந்திருந்தது.

ஒரு மாதமாகவே பேசும்போது குரல் தட்டியது எனக்குத் தெரியும். வாங்கிய அட்வான்ஸுக்காகக் கூட்டிப்போனேன். அது என் தப்பு. நீங்கள் செய்யாதீர்கள். பேச்சில் கரகரப்புத் தெரிந்த அன்றே அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆண் குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி (ஒரு ஸ-விலிருந்து அடுத்த ஸ வரைக்கும் உள்ள தூரம்) கீழே இறங்கி நிற்கும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். பெண் பிள்ளைகளுக்கும் மாறும், ஆனால் இவ்வளவு இறங்காது. தம்பியின் பாட்டு வாத்தியார் அவனை ஒன்றரைக் கட்டைக்கு இறக்கி, மறுபடி சரளி வரிசையில், அதாவது கர்நாடக சங்கீதத்தின் முதல் பாடத்தில், உட்காரவைத்தார். தினம் இருபது நிமிடம், அதுவும் வலிக்காத அளவுக்கு. மேல்ஸ்தாயிப் பக்கமே போகவிடவில்லை. அந்த ஒன்றரை வருடத்தில் அவன் கீபோர்டு பழகினான். மேடைக்கே போகவில்லை.

"எம்.எஸ். சுப்புலட்சுமி பத்து வயசுலயே ரெக்கார்டு குடுத்தவங்க, நம்ம மதுரைக்காரங்க" என்று உங்களிடமும் யாராவது சொல்வார்கள். உண்மைதான். அப்படிச் சொல்கிறவர்களிடம் அதற்கப்புறம் அவர் பெரிய வித்வான் செம்மங்குடி சீனிவாச ஐயரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டதையும் சொல்லுங்கள்.

கடைசியாக, சொந்தக்காரர்கள். கல்யாணம், காதுகுத்து, எங்கே போனாலும் பந்தி முடிந்ததும் "எங்கப்பா, ஒரு பாட்டு எடுத்து விடு" என்பார்கள். எங்கள் வீட்டில் நான் முதலில் தம்பி முகத்தைப் பார்ப்பேன். அவன் தலையை ஆட்டினால் பாட்டு. தரையைப் பார்த்தால், "இன்னைக்கு வேணாம் மாமா" என்று நானே சொல்லிவிடுவேன். பெரிய மாமா இரண்டு விசேஷத்துக்கு எங்களோடு பேசவில்லை. மூன்றாவது விசேஷத்தில் தம்பிக்குப் பக்கத்தில் இலை போடச் சொல்லி உட்கார்ந்து சாப்பிட்டார், பாட்டு எதுவும் கேட்கவில்லை.