கொடி எத்தனை யார்டு? கோல்ஃப் மைதானத்திலும் டிரைவிங் ரேஞ்சிலும் தூரத்தைச் சரியாக அளப்பது எப்படி

லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் (ஒளியால் தூரம் அளக்கும் கைக்கருவி) பெட்டியில் ‘±1 யார்டு’ என்று அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் அதே கருவி, 150 யார்டில் துளையைக் காட்டி நிற்கும் கொடிக்கு 171 காட்டவும் செய்யும். பின்னால் நிற்கும் மரத்தை அது மிகச் சரியாக அளந்திருக்கிறது, அவ்வளவுதான். கோல்ஃபில் ஏற்படும் பெரிய தூரப் பிழைகள் எல்லாம் இந்த வகை: எங்கிருந்து, எதுவரை என்பதில் குழப்பம். கருவியின் ஒரு யார்டு பிழைக்குக் கவலைப்படும் முன் இந்த இரண்டு முனைகளையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் அலகைப் பாருங்கள். ஒரு யார்டு 0.9144 மீட்டர். 150 மீட்டர் என்பது 164 யார்டு. மீட்டரில் இருக்கும் எண்ணை யார்டு என்று நினைத்து அடித்தால் ஒரு கிளப்புக்கும் (அடுத்தடுத்த இரண்டு மட்டைகளின் தூர இடைவெளிக்கும்) மேலாகக் குறையும். பேட்டரி மாற்றிய பிறகு திரையின் ஓரத்தில் இருக்கும் அலகு எழுத்தைப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

மைதானத்தில் எழுதியிருக்கும் எண்கள்

ஸ்கோர்கார்டில் இருக்கும் நீளம், டீயில் (முதல் அடி அடிக்கும் இடம்) பதித்த நிரந்தரக் குறியிலிருந்து கிரீனின் (கொடி நிற்கும் குட்டைப் புல்தரை) நடுப்பகுதி வரை அளந்தது. டீயிலிருந்து கிரீன் வரையிலான ஆட்டப்பாதையையும் ‘துளை’ என்பார்கள். வளைந்து போகும் துளைகளில் ஃபேர்வேயின் (இடையிலுள்ள வெட்டிய புல்வெளி) நடுவழியாக, வளைவில் திரும்பி அளப்பார்கள். ஆனால் அன்றைய டீ மார்க்கர்கள் அந்த நிரந்தரக் குறிக்கு முன்னாலோ பின்னாலோ வைக்கப்பட்டிருக்கும். மூன்று அடியில் முடிக்க வேண்டிய குறுகிய பார்-3 துளையில் இந்த வித்தியாசமே ஒரு கிளப்பாகிவிடும். நிரந்தரக் குறியிலிருந்து மார்க்கர் வரை நடந்து எண்ணிக் கூட்டியோ கழித்தோ கொள்ளுங்கள்.

ஃபேர்வேயில் சிவப்பு 100, வெள்ளை 150, நீலம் 200 என்பது பரவலான வழக்கம். எல்லா இடத்திலும் அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஸ்பிரிங்க்ளர் மூடிகளில் பொறித்த எண்ணும் பெரும்பாலும் கிரீனின் நடு வரைக்குமானது. சில மைதானங்களில் முன் விளிம்பு வரைக்கும். முதல் துளையிலேயே ஒரு மூடியின் மேல் நின்று லேசரால் கொடியை அளந்து, கொடி கிரீனில் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கிரீனின் நடு வரையிலான தூரம் சரியாகத் தெரிந்தாலும் கொடி எப்போதும் நடுவில் இருப்பதில்லை. 30 யார்டு ஆழமுள்ள கிரீனில் முன்பக்கக் கொடிக்கும் பின்பக்கக் கொடிக்கும் இடையே 20 யார்டுக்கு மேல் வரலாம். எந்தக் கருவியின் பிழையும் இதற்கு அருகில்கூட வராது.

லேசர்

ஒளி போய்த் திரும்பும் நேரத்தைக் கருவி கணக்கிடுகிறது. ஒளி ஒரு நானோ நொடியில் சுமார் 30 சென்டிமீட்டர் போகும். போக வர ஒரு யார்டுக்கு ஏறக்குறைய 6 நானோ நொடி. இன்றைய மின்னணுச் சுற்றுகளுக்கு இது சிரமமே இல்லை. சிரமம் ஒளிக்கற்றையின் அகலத்தில் இருக்கிறது. 150 யார்டில் அது பல அங்குலம் விரிந்துவிடும். கொடிக்கம்பமோ விரல் தடிமன். ஒளியில் பெரும்பங்கு கம்பத்தைத் தாண்டிப் போய் மரத்திலோ மேட்டிலோ பட்டுத் திரும்புகிறது. கொடி முறை என்று கருவிகளில் இருப்பது, திரும்பி வரும் எதிரொளிகளில் மிக அருகிலிருந்து வந்ததைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு. கை நடுங்கினால் அதுவும் தவறும்.

பந்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள். தள்ளுவண்டியருகே நின்று அளந்தால் நான்கைந்து யார்டு அப்போதே போயிற்று. இரண்டு கையாலும் பிடித்து, முழங்கைகளை விலாவில் ஒட்டி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்துங்கள். குறியைக் கம்பத்தின் மேல்பகுதியில், துணிக்கு அருகே வையுங்கள். சில கம்பங்களின் உச்சியில் எதிரொளிப்பான் இருக்கும், அங்கே பட்டால் உடனே எண் வந்துவிடும். குறி கம்பத்தில் நிற்கவில்லை என்றால் பொத்தானை அழுத்தியபடி கொடியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மெல்ல நகர்த்துங்கள். 171, 172, 148, 149, 171 என்று ஓடினால் கொடி 148-இல் இருக்கிறது.

மூன்று முறை அளந்து, மூன்றும் ஒரு யார்டுக்குள் வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். பிறகு வேண்டுமென்றே பின்னால் இருப்பதையும் அளங்கள். கொடிக்கு வந்த அதே எண் அங்கும் வந்தால் முதலில் அளந்தது கொடி இல்லை. கொடியைப் பிடித்துவிட்டதாகக் காட்டும் அதிர்வு வந்தது என்பதற்காக மட்டும் நம்ப வேண்டாம். மரக்கிளைக்கும் கருவி அதிரும்.

பங்கரை (மணல்குழியை) தாண்ட வேண்டுமானால் இன்னொரு பொறி இருக்கிறது. தாழ்வான இடத்திலிருந்து பார்க்கும்போது லேசர் படுவது பங்கரின் முன்முகத்தில். தாண்டவேண்டியதோ அதன் மறு விளிம்பு. அந்த விளிம்புக்கு நேர் பக்கவாட்டில் நிற்கும் மரத்தையோ கம்பையோ அளந்துகொள்ளுங்கள்.

மழையிலும் மூடுபனியிலும் நீர்த்துளிகளே ஒளியைத் திருப்பி அனுப்பும். எண் திடீரென்று மிகக் குறைவாக வரும். லென்ஸைத் துடைத்து, வேறு பெரிய பொருளை அளந்து பாருங்கள். எண் வராமல் கோடுகள் மட்டும் தெரிந்தால் போதிய ஒளி திரும்பி வரவில்லை என்று கொள்ளுங்கள்.

கருவியிலேயே நிலையான பிழை இருக்கிறதா என்று அறிய அளவுநாடா தேவையில்லை. ஒரே நேர்கோட்டில் இரண்டு பலகைகள் அல்லது கம்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதன் அருகில் நின்று இரண்டாவதை அளங்கள்: 120 என்று வைப்போம். இனி இடையில் ஓரிடத்தில் நின்று இரு பக்கமும் அளந்து கூட்டுங்கள். 120-க்குப் பதில் 123 வந்தால் கருவி ஒவ்வொரு முறையும் 3 யார்டு கூட்டிச் சொல்கிறது: இரண்டு அளவில் பிழை இருமுறை சேர்ந்தது, ஒன்றில் ஒருமுறை. ஒரு யார்டு வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். அது முழு எண்ணாக்குவதில் வருவது.

ஜிபிஎஸ்

திறந்த வானத்தின்கீழ் ஸ்மார்ட்போனின் ஜிபிஎஸ் சுமார் 4.9 மீட்டர் ஆரத்துக்குள் இடத்தைக் காட்டும் என்பது அமெரிக்க அரசு தரும் கணக்கு. யார்டில் ஐந்துக்குச் சற்று மேல். மரத்தடியில் இன்னும் மோசம். நடந்து வந்தவுடன் எண்ணைப் பார்க்காமல் சில நொடி பொறுங்கள். திரை கொஞ்சம் பின்தங்கியே வரும்.

இதற்கு மேல் வரைபடப் பிழை வேறு. கிரீனைப் புதுப்பித்து நகர்த்தியிருந்தால் வரைபடம் பழைய இடத்தைத்தான் காட்டும். ஒரே துளையில் இரண்டு மூன்று ஸ்பிரிங்க்ளர் மூடிகளில் நின்று ஒப்பிடுங்கள். வித்தியாசம் எப்போதும் ஒரே பக்கம் இருந்தால் வரைபடம் தவறு. முன்னும் பின்னுமாக மாறினால் சிக்னல் பிரச்சினை.

ஆனாலும் லேசரால் முடியாத வேலை ஒன்றை ஜிபிஎஸ் செய்கிறது: கிரீனின் முன், நடு, பின் மூன்றையும் கொடுக்கிறது, மேட்டுக்கு அப்பால் கொடி தெரியாதபோதும். முன் விளிம்பு 138, அன்றைய கொடித்தாள் (கிரீனில் கொடி எங்கே என்று சொல்லும் தாள்) முன்னிலிருந்து 18 என்கிறது என்றால் கொடி 156. லேசரும் 155 அல்லது 157 சொன்னால் நிம்மதியாக அடிக்கலாம். 180 சொன்னால் மறுபடி அளக்க வேண்டும்.

ஏற்ற இறக்கம்

சரிவில் லேசர் காட்டுவது சாய்தூரம், அதனால்தான் எண் தவறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. 150 யார்டு சாய்தூரத்தில் கிரீன் 10 யார்டு கீழே இருந்தால் கிடைத்தூரம் 149.7. வித்தியாசம் ஓர் அடிதான். மாறுவது பந்து இறங்கும் இடம். 45 பாகைக் கோணத்தில் இறங்கும் பந்து 10 யார்டு பள்ளத்தில் கூடுதலாக 10 யார்டு போகும். 50 பாகையில் செங்குத்தாக இறங்கும் வெட்ஜ் (குறுகிய தூரத்துக்கான கிளப்) அடி சுமார் 8, தட்டையாக 38 பாகையில் இறங்கும் டிரைவர் (மிக நீளமாக அடிக்கும் கிளப்) அடி 12 முதல் 13. ஆகவே ஒரு யார்டு உயரத்துக்கு ஒரு யார்டு என்பது அயர்ன்களுக்கு (நடுத்தரத் தூரத்துக்கான கிளப்புகள்) நல்ல கணக்கு.

போட்டியில், ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் கருவியின் சரிவு வசதியை அணைத்துவிடுங்கள். 2019 முதல் தூரம் அளக்கும் கருவிகளுக்குப் பொதுவாக அனுமதி உண்டு, போட்டியை நடத்தும் குழு உள்ளூர் விதியால் தடுக்காதவரை. உயர வேறுபாட்டை அளப்பது விதி 4.3-இன்படி தவறு: மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை, அதே சுற்றில் மறுபடி செய்தால் தகுதிநீக்கம்.

டிரைவிங் ரேஞ்ச்

பயிற்சிக்குப் பந்தடிக்கும் ரேஞ்சின் பலகையில் 150 என்று எழுதியிருப்பது ஏதோ ஒரு கோட்டிலிருந்து. புல் தளத்தில் அடிக்கும் வரிசையைப் புல் வளர்வதற்காக முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பலகை அங்கேயே நிற்கும். பலகை ஓரிடத்திலும் இலக்குக் கொடி வேறிடத்திலும் இருப்பதும் சகஜம். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு கொடியையும் லேசரால் அளந்து குறித்துக்கொண்ட பிறகே பந்தைத் தொடுங்கள்.

பந்து விழுந்த இடத்தைக் கண்ணால் மதிப்பிடுவது இன்னும் மோசம். தரைமட்டத்திலிருந்து பார்க்கையில் 145-இல் விழுந்ததும் 152-இல் விழுந்ததும் ஒன்றாகவே தெரியும். தூரம் அளந்த ஓர் இலக்கை வைத்துக்கொண்டு, முன்னால் விழுந்ததா, தாண்டியதா என்று மட்டும் எண்ணுங்கள். ஏறக்குறைய பாதி முன்னும் பாதி தாண்டியும் விழும் கிளப்பின் கேரி (பந்து தரையைத் தொடும்வரை காற்றில் போகும் தூரம்) அந்த இலக்கின் தூரம். மாடியுள்ள ரேஞ்சில் மேல் தளத்திலிருந்து விழுமிடம் நன்றாகத் தெரியும், ஆனால் உயரத்தால் தூரமும் கூடும்.

பிறகு பந்து. ரேஞ்ச் பந்துகள் தேய்ந்தவை. சில ரேஞ்சுகளில் தூரம் போகாதபடியே செய்த பந்துகள். அங்கே கிடைத்த எண்ணை அப்படியே மைதானத்துக்குக் கொண்டுபோனால் கிரீனைத் தாண்டும். அனுமதியுள்ள காலியான பயிற்சி இடத்தில் உங்கள் சொந்தப் பந்துகளையும் அதே கிளப்பில் அடித்து ஒப்பிடுங்கள். வெட்ஜுக்கும் டிரைவருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். யார்டு கணக்கில் இழப்பு ஒன்றாக இராது.

பந்தின் பாதையைத் திரையில் காட்டும் அமைப்புகளில் டாப்டிரேசர் கேமராவாலும் டிராக்மேன் ரேடாராலும் பந்தைத் தொடர்கின்றன. திரையில் வருவது அந்த ரேஞ்ச் பந்து உண்மையில் போன தூரமா, நல்ல பந்தாக இருந்தால் போயிருக்கும் என்று மாற்றிய தூரமா என்று அமைப்பில் பார்க்க வேண்டும். உள்ளரங்கில் பந்து சில மீட்டரில் வலையில் முடிந்துவிடுகிறது. மீதி எல்லாம் வேகம், ஏவுகோணம், சுழற்சி மூன்றிலிருந்து போட்ட கணக்கு. கேரியை எடுத்துக்கொள்ளுங்கள், உருண்ட தூரத்தை விட்டுவிடுங்கள். தரை எவ்வளவு கெட்டி என்று கருவிக்குத் தெரியாது.

உடல் சூடான பிறகு ஒரு கிளப்புக்கு 12 முதல் 15 பந்து அடியுங்கள். தெளிவாகத் தவறியவற்றை நீக்கி, மிச்சத்தை வரிசைப்படுத்தி நடுவில் வருவதைக் குறியுங்கள். மிக நீளமானதை எழுதி வைக்கும் ஆசையை விடுவது கடினம். குறுகியதையும் நீண்டதையும் பக்கத்தில் எழுதுங்கள்: 7 அயர்ன் 138 முதல் 156 வரை சிதறுகிறது என்றால் கொடி 147-ஆ 148-ஆ என்ற கேள்விக்கு அர்த்தமில்லை, முன் விளிம்பும் பின் விளிம்பும் அந்த 18 யார்டுக்கு இடம் தருமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். செயற்கைப் புல் விரிப்பான மேட் மேல் அடித்த எண்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: பந்துக்குப் பின்னால் பட்ட அடியிலும் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தொட்டுவிடும். மேட் மன்னிக்கும் அந்த அடி, ஈரப் புல்லில் 20 யார்டு குறையும்.