ஃபைபர் போஸ்ட்டைத் திரையைப் பார்த்து எடுப்பது

பழைய ரூட் கெனாலைப் பிரித்து மறுபடி செய்வதில் என்னைக் கவலைப்பட வைப்பது ஃபைபர் போஸ்ட்தான், அதாவது பல்லின் மேல்பகுதியைத் தாங்க வேருக்குள் நட்ட நார்த் தண்டு. உலோக போஸ்ட்டை அல்ட்ராசோனிக் வைத்து அசைத்துப் பெரும்பாலும் கழற்றிவிடலாம். ஃபைபர் போஸ்ட் பல்லின் நிறத்திலேயே, ரெசின் சிமெண்ட்டில் வேரின் உள்சுவரோடு ஒட்டிக்கிடக்கும். திசை கொஞ்சம் மாறினாலும் டிரில் வேரின் பக்கச்சுவரைத் துளைத்துவிடும். டைனமிக் நேவிகேஷன் அந்தத் திசையைக் காட்டுகிறது: கேமரா டிரில்லையும் தாடையையும் பின்தொடர, டிரில் எங்கே நிற்கிறது என்று ஸ்கேன் படத்தின் மேல் திரையில் தெரியும். கடலூரில் என் கிளினிக்கில் நான் செய்யும் முறையை, ரூட் கெனாலில் கை பழகிய இளம் மருத்துவர்களுக்காக எழுதுகிறேன்.

ஸ்கேனுக்குப் புதுச்சேரிக்கு அனுப்புகிறேன். சீட்டில் வெறுமனே சிபிசிடி (முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன்) என்று எழுதினால் அந்த ஒரு பல்லை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நமக்கு அக்கம்பக்கத்துப் பற்களும் வேண்டும். மேல் பல் என்றால், ‘மேல் தாடை முழுவதும், பற்கள் ஒன்றோடொன்று படாமல் நடுவே பஞ்சு வைத்து, டைகாம் ஃபைலாக’ என்று விவரமாக எழுதுங்கள். டைகாம் என்பது கணினியில் ஏற்றக்கூடிய ஸ்கேன் ஃபைல்; பிலிமை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஃபைலை ஏற்றியதும் போஸ்ட்டின் நடுவே ஒரு பாதை வரையுங்கள். வேர்க்குழாயை அடைத்திருக்கும் ரப்பர் போன்ற கட்டா பெர்ச்சா தொடங்கும் இடத்தில் அது நிற்கட்டும். வேர் வளைகிற இடத்துக்கு டிரில் போகவே கூடாது. பர் (டிரில்லில் மாட்டும் வெட்டுமுனை) போஸ்ட்டைவிட ஒரு சுற்று மெல்லியதாக இருக்கட்டும்.

அப்புறம் பதிவு. தாடை டிராக்கரை (கேமரா பின்தொடரும் அடையாளத்தை) அதே தாடையில், வேலை செய்யும் பல்லுக்குத் தள்ளி, ஆடாத பற்களில் ஒட்டுங்கள். உருண்டை முனைக் கருவியால் இரண்டு பக்கமும் பரவலாக நாலைந்து பற்களைத் தடவிக் காட்டினால், வாயும் ஸ்கேனும் ஒன்றாகப் பொருந்தும். ஆடும் பல்லையும், உலோக கேப் போட்ட பல்லையும் தொடாதீர்கள். கேப்பைச் சுற்றி ஸ்கேனில் படம் சிதறியிருக்கும். ரப்பர் டாம் (பல்லைத் தனியாகப் பிரித்துக் காட்டும் ரப்பர் விரிப்பு) போடுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

பர்ரின் முனையைக் கேலிபரேட் செய்த (முனை எங்கே என்று கருவிக்குக் காட்டிய) பின் நேராக டிரில்லுக்குப் போய்விடாதீர்கள். பர்ரைச் சுற்றவிடாமல், பல்லின் விளிம்பில் மெல்ல வைத்துத் திரையைப் பாருங்கள். திரையிலும் அதே விளிம்பில் நிற்கிறதா? பக்கவாட்டுப் படத்திலும் பாருங்கள். அரை மில்லிமீட்டர் காற்றில் மிதந்தாலும் சரி, பல்லுக்குள் புதைந்தாலும் சரி, மறுபடி தடவுங்கள். வேரின் சுவர் சில இடங்களில் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். பர் மாற்றினால் கேலிபரேஷன், டிராக்கரில் கை பட்டால் இந்தத் தொடுசோதனை. டாம் கிளிப் மாட்டிய பிறகும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் தப்பான பதிவிலும் திரை அழகாகப் பச்சை காட்டும்.

டிரில் செய்யும்போது ஒரு மில்லிமீட்டர் உள்ளே, வெளியே எடு, தண்ணீர் அடி. கண் திரையிலுள்ள இலக்கு வட்டத்தில் இருக்க வேண்டும். பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர், “என்ன டாக்டரம்மா, வாயைப் பாக்காம டிவிய பாத்துக்கிட்டு இருக்கீங்க?” என்று கேட்டேவிட்டார். நியாயமான கேள்வி. அந்தக் கை-கண் பழக்கம் வர, பிடுங்கிய பற்களை பிளாஸ்டரில் நட்டுப் பயிற்சி எடுங்கள். நோயாளி தலையை லேசாக அசைத்தால் பதற வேண்டாம். டிராக்கரும் கூடவே நகரும். கேமராவுக்கும் டிராக்கருக்கும் நடுவே உதவியாளரின் தலை வந்தால்தான் படம் நின்றுபோகும்.

இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, உலர்த்தி, மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். நடுவில் நாரும் சுற்றிலும் சிமெண்ட்டும் தெரிந்தால் சரியான வழி. ஒரு பக்கம் மட்டும் மஞ்சளான டென்டின் (பல்லின் சொந்தத் திசு) தெரிந்தால், திரை என்ன சொன்னாலும் நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுங்கள்.

இளஞ்சிவப்பு கட்டா பெர்ச்சா கண்ணில் பட்டதும் நேவிகேஷனை அணைத்துவிடலாம். சுவரில் மிஞ்சிய சிமெண்ட்டை அல்ட்ராசோனிக் முனையால் சுரண்டி எடுங்கள். அதற்குக் கீழே வேர்க்குழாயைச் சுரண்டும் ஃபைல் ஊசி, கழுவும் ஹைப்போகுளோரைட் என்று வழக்கமான வேலைதான்.